இரண்டு அங்குலப் படிகள்

அம்மாவுக்கு முடக்குவாதம் வந்து பதினேழு வருஷமாகிறது. விரல் மூட்டுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டன. படி ஏறுவதென்றால் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, ஒரு காலை மேலே வைத்து, இன்னொன்றை இழுத்துச் சேர்த்து, ஒரு மூச்சு விட்டுத்தான் அடுத்த படி. போன கோடையில் கலிஃபோர்னியாவின் சான் ஹொசேக்கு வந்து எங்களோடு இருந்த ஐந்து மாதத்தில் மாடியறைப் பக்கமே அவர் போகவில்லை.

அப்படிப்பட்டவரை, சாரா வின்செஸ்டர் என்ற பெண்மணி இங்கே கட்டிய வின்செஸ்டர் வீட்டுக்குக் கூட்டிப்போக நான் நினைக்கவேயில்லை. சுமார் 160 அறைகள், மாடி மேல் மாடி. விருந்தாளிகளாக வந்திருந்த உறவினர்கள் "பேய் பங்களா பார்க்கணும்" என்று கிளம்பினார்கள். வீட்டில் தனியாக இருக்கமாட்டேன் என்று அம்மாவும் கிளம்பிவிட்டார். முடிகிற வரைக்கும் பார்ப்போம், முடியாவிட்டால் நாம் இரண்டு பேரும் தோட்டத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று சொல்லித்தான் அழைத்துப்போனேன்.

உள்ளே ஓரிடத்தில் 44 படிகள் கொண்ட ஒரு படிக்கட்டு இருக்கிறது. ஒவ்வொரு படியும் இரண்டு அங்குலம் சொச்சம்தான் உயரம். சாதாரண வீட்டுப் படி ஏழு அங்குலம் இருக்கும். ஏழு முறை திரும்பித் திரும்பி அது மேலே போகிறது. எங்களுக்கு முன்னால் போன ஒருவர், "பேய்களைக் குழப்பத்தான் இப்படி வளைச்சு வளைச்சுக் கட்டியிருக்கா" என்று தன் பிள்ளைகளிடம் சொன்னார். பிள்ளைகள் பயந்து சிரித்தன. அம்மா என் கையை விட்டார். கைப்பிடியையும் விட்டார். தரையில் நடப்பதுபோல ஒவ்வொரு படியாக மிதித்து, எங்கும் நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தார்.

"இதைக் கட்டினவளுக்கு என்னை மாதிரியே முட்டி போயிருக்கும்டி" என்றார்.

உண்மைதான். சாரா வின்செஸ்டருக்குக் கடுமையான மூட்டுவாதம் இருந்தது. அந்தப் படி அதற்காகவே போடப்பட்டது என்பது சுற்றிக்காட்டுகிறவர்களும் சொல்வதுதான். ஆனால் கேட்கிறவர்களின் மனதில் அந்த ஒரு வரி தங்குவதில்லை. ஆவிகள் பற்றிய வரிகள்தான் தங்குகின்றன. அன்றிரவு அம்மா தூங்கிய பிறகு சாராவைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். பல மாதங்கள் அதிலேயே போயின. படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊர் சொல்லும் கதை பலருக்கும் தெரிந்ததே. உலகப் புகழ்பெற்ற வின்செஸ்டர் துப்பாக்கிக் குடும்பத்தின் மருமகள். குழந்தையும் கணவரும் செத்துப்போகிறார்கள். பாஸ்டனில் ஆவியோடு பேசும் ஒருவரிடம் குறி கேட்கப் போகிறாள். "உன் குடும்பத்துத் துப்பாக்கியால் செத்தவர்களின் ஆவிகள் உன்னைப் பழிவாங்குகின்றன, மேற்கே போய் ஒரு வீடு கட்டு, கட்டுவதை நிறுத்தினால் செத்துவிடுவாய்" என்கிறார் அவர். 38 ஆண்டுகள் இரவும் பகலும் சுத்தியல் சத்தம் ஓயவில்லை. கூரையில் முட்டும் படிகள், திறந்தால் அந்தரத்தில் விழவைக்கும் கதவு, எங்கு பார்த்தாலும் 13 என்ற எண்.

இதில் எது நின்று பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் அந்தக் குறிகாரர். ஆடம் கூன்ஸ் என்று அவருக்குப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து பாஸ்டன் முகவரிப் பட்டியல்களில் அப்படி ஒருவர் இல்லை. ஆவியுலக நம்பிக்கையாளர்கள் நடத்திய பத்திரிகையிலும் அந்தப் பெயரைக் காணோம். அது வெளிப்படுவது 1967-ல் வந்த ஒரு பேய்க்கதைத் தொகுப்பில். சாரா 1922-ல் இறந்துவிட்டார். ஒருவர் மறைந்து 45 வருஷம் கழித்து அவருடைய வாழ்க்கையின் ஆணிவேரான சம்பவத்தை யாரோ எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். அதை இன்றுவரை அப்படியே ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம். சாராவைப் பார்த்துக்கொண்ட செவிலியோ, அவருக்கு ஆவியுலக நாட்டமே கிடையாது என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்தது ஓயாத சுத்தியல். 1898-ல் சாரா தன் நாத்தனாருக்கு, அதாவது கணவர் வில்லியமின் தங்கை ஜென்னி பென்னெட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. வீட்டோடு சிறிதாக ஓர் இடத்தைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். அதனால் படுக்கையறைக்குப் போகும் மேல்மாடி நடை எதிர்பாராமல் இருட்டாகிவிட்டது. படியில் பலர் கால் இடறிய பிறகு, இது ஆபத்து என்று ஒரு சுவரை எடுத்துவிட்டுக் கூரையில் வெளிச்சத்துக்குக் கண்ணாடி பதிக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு அலுத்துச் சோர்ந்துபோய், குளிர்காலத்தில் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம் என்று ஆட்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டார். கடிதம் சொல்வது இவ்வளவுதான்.

வீடு கட்டிய யாருக்கும் இந்தக் கடிதம் அந்நியமாக இருக்காது. ஒரு அறையை நீட்டினால் அடுத்த அறை இருட்டாகும். அதைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். கூலியாட்களை மேய்த்து அலுத்துப்போய் "கொஞ்ச நாள் யாரும் வராதீங்கப்பா" என்று சொல்லத் தோன்றும். சுத்தியல் நின்றால் உயிர் போய்விடும் என்று நம்பிய ஒருத்தி, களைப்பாக இருக்கிறது என்பதற்காகச் சுத்தியலை நிறுத்தியிருக்கிறாள் என்றால், அந்த நம்பிக்கை அவளுடையதல்ல.

கூரையில் முட்டும் படியும் அந்தரக் கதவும் எப்படி வந்தன? அதற்கு 1906 ஏப்ரல் 18-ஐ நினைத்துப்பார்க்க வேண்டும். விடிகாலையில் வந்த அந்தப் பூகம்பம் சான் பிரான்சிஸ்கோவை அழித்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சான் ஹொசேயும் சிதைந்தது. சாராவின் வீட்டில் ஏழு மாடிக் கோபுரம் சரிந்தது. மேல்தளங்கள் போயின. இன்று நாம் பார்ப்பது நான்கு மாடி. மேலே இருந்த தளம் இல்லாமல் போனால், அதற்கு ஏறிய படி கூரையில்தான் முட்டும். வெளியே இருந்த பால்கனியோ அறையோ இடிந்துவிட்டால், அதற்குத் திறந்த கதவு வெறும் வெளியைத்தான் பார்க்கும். சாரா இடிபாட்டை அப்புறப்படுத்தச் செய்தார். ஆனால் பழையபடி கட்டவில்லை. முன்பகுதியைச் சீர்செய்யாமல் அப்படியே விட்டுவிட்டு, பெரும்பாலும் ஆதர்ட்டன் என்ற ஊரில் இருந்த தன் இன்னொரு வீட்டில் வாழ்ந்தார்.

இதை யோசித்துப் பாருங்கள். பெரிய கட்டுமானம் 1906-ஓடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு 16 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். கதையைப் பொய்யாக்க இந்த ஒரு கணக்கே போதும்.

13-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 13 சம்பந்தப்பட்ட பல பொருள்கள் சாரா இறந்த பிறகு சேர்க்கப்பட்டவை என்று அங்கே வேலை பார்த்த தச்சரே சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

பணக் கதையும் இப்படித்தான். 2 கோடி டாலர் சொத்து, நாளொன்றுக்கு 1,000 டாலர் வருமானம் என்பார்கள். கணவர் இறந்தபோது கம்பெனியில் சாராவுக்கு வந்தது 777 பங்குகள். மாமியார் காலமான பிறகுதான் அது கணிசமாகப் பெருகியது. வசதியான பெண்மணிதான், சந்தேகமில்லை. ஆனால் அளவில்லாத பணம் இருந்தால்தான் ஓயாத வீடு என்ற கதை நடக்கும். அதற்காகப் பணத்தையும் ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள்.

இந்த விவரங்களில் பெரும்பகுதியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் மேரி ஜோ இக்னோஃபோ என்ற வரலாற்றாசிரியர். சாராவின் கடிதங்களையும் ரசீதுகளையும் தேடிப் படித்து 2010-ல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதுவரை கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு, காகிதங்களைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தீர விசாரிப்பதே மெய் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். விசாரிக்க நூறு வருஷம் ஆகியிருக்கிறது.

காகிதங்களிலிருந்து எழும் பெண் எப்படிப்பட்டவர்? தச்சரின் மகள். கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் அவருடைய அப்பா லியனார்ட் பார்டீ வீடுகளுக்கான மர வேலைப்பாடுகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். மரத்தூள் வாசனையில் வளர்ந்த பெண். 1862-ல் வில்லியம் வின்செஸ்டரோடு கல்யாணம். 1866 ஜூனில் மகள் ஆனி பிறந்தாள். குழந்தைக்கு உண்ட பால் உடம்பில் ஒட்டவில்லை. மெலிந்து மெலிந்து ஆறு வாரத்துக்குள் போய்விட்டாள். பிறகு குழந்தையே இல்லை. 1880 மே மாதம் அம்மா, அதே டிசம்பரில் மாமனார், 1881 மார்ச்சில் காசநோயால் கணவர். பத்து மாதத்தில் மூன்று சாவு. அப்போது அவருக்கு வயது நாற்பதுக்குச் சற்று மேல்.

அதன் பிறகு கலிஃபோர்னியா. மூட்டுக்கும் நுரையீரலுக்கும் இதமான வெயில் என்று அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் கிழக்கிலிருந்து இங்கே வந்தார்கள். 1886-ல் சாந்தா கிளாரா பள்ளத்தாக்கில் எட்டு அறைப் பண்ணைவீடு ஒன்றையும் 45 ஏக்கர் நிலத்தையும் வாங்கினார். லியானாடா வில்லா என்று பெயர் வைத்தார். சகோதரிகளும் இந்தப் பக்கம் வந்து குடியேறினார்கள். சகோதரி மகள் மரியன், வீட்டில் டெய்சி, பல வருஷம் அவரோடுதான் இருந்தாள். பிளம்ஸும் ஆப்ரிகாட்டும் வால்நட்டும் பயிரிட்ட பண்ணை அது. இன்று மென்பொருள் கம்பெனிகள் நிற்கும் இந்த நிலமெல்லாம் அப்போது பழத்தோப்பு.

வரைபடம் போடக் கட்டடக் கலைஞர்களை வைத்துப்பார்த்தார், ஒத்துவரவில்லை, தானே போட்டார். செடி வளர்க்கும் அறையில் மரத்தரையைத் தூக்கிவிட்டு நீர் ஊற்றினால், மிஞ்சிய நீர் குழாய் வழியாகக் கீழே தோட்டத்துக்குப் போய்விடும். அந்தக் காலத்தில் ஒரு பெண், எந்தக் கல்லூரியும் சொல்லித்தராமல், தன் வீட்டுத் தரையையும் நீரையும் வெளிச்சத்தையும் இப்படி யோசித்திருக்கிறார். அதைப் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்த்தது. பிழைகள் செய்தார், இடித்தார், மறுபடி கட்டினார். அப்படித்தானே எவரும் கற்றுக்கொள்கிறார்கள்? இதையே ஓர் ஆண் செய்திருந்தால் "சோதனை" என்று சொல்லியிருப்பார்கள். சாரா செய்ததால் "பைத்தியம்" ஆகிவிட்டது. அவருடைய வழக்கறிஞர் குடும்பத்தார் சொன்னது இதற்கு நேர்மாறு: தெளிந்த அறிவும் நல்ல வியாபார புத்தியும் உள்ள பெண்மணி.

சாரா செய்த ஒரே குற்றம் ஊரோடு பழகாததுதான். விருந்துக்குப் போகமாட்டார். யாரையும் உள்ளே விடமாட்டார். முகத்திரை போட்டுக்கொள்வார். பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லமாட்டார். 1895 வாக்கிலேயே "கட்டி முடித்தால் செத்துவிடுவோம் என்று பயப்படுகிறாள்" என்ற மாதிரிச் செய்திகள் நாளிதழ்களில் வந்துவிட்டன. மறுத்து ஒரு வரி எழுதியிருந்தால் அடங்கியிருக்குமோ என்னவோ. எழுதவில்லை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடா ஓரத்துப் பர்லிங்கேமில் ஒரு படகுவீடு வாங்கியபோது, நோவா காலத்து வெள்ளம் திரும்ப வருகிறது என்று பயந்து பேழை கட்டியிருக்கிறாள் என்றார்கள். அந்த வளைகுடாவில் வசதியான பலர் படகுவீடு வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு அது ஓய்விடம், சாராவுக்கு மட்டும் பேழை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். அன்று தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அம்மா தன் சித்தியைப் பற்றிச் சொன்னார். இருபத்திரண்டு வயதில் தாலி இழந்தவர். பெரிய வீட்டின் பின்கட்டில் கடைசிவரை வாழ்ந்தார். எந்த விசேஷத்துக்கும் வரமாட்டார். வந்தால் முகம் சுளிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நடுராத்திரி வரை அந்த அறையில் விளக்கு எரியும். ஏதோ பூசை பண்ணுகிறாள், ஏவல் வைக்கிறாள் என்று தெருவே பேசியதாம். "என்ன பண்ணாங்க தெரியுமா? பாவாடை தச்சாங்க. பெரிய வீட்டுப் பொம்பளை காசுக்குத் தைக்கிறான்னு வெளியில தெரிஞ்சா அவமானம்னு ராத்திரியில. நான்தான் சாக்குப்பையில போட்டு டெய்லர் கடையில கொடுத்துட்டு வருவேன். எட்டு வயசு எனக்கு." இத்தனை வருஷத்தில் அம்மா இதை எனக்குச் சொன்னதேயில்லை. அந்தப் பெஞ்சில் உட்காராமல் இருந்திருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டார்.

என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. கதையின் மையமே குற்றவுணர்ச்சிதான்: துப்பாக்கியால் செத்தவர்களின் பழி. சரி, அந்தத் துப்பாக்கியை யார் செய்தார்கள்? மாமனார் ஆலிவர் வின்செஸ்டர் முதலில் சட்டை தைத்து விற்றவர். அதில் சேர்த்த பணத்தை நொடிந்துகொண்டிருந்த ஒரு துப்பாக்கிக் கம்பெனியில் போட்டு, 1866-ல் அதற்குத் தன் பெயரை வைத்தார். அந்த வருஷமே கனெக்டிகட்டின் துணை ஆளுநரும் ஆனார். அவர் மகள் ஜென்னியின் கணவர் தாமஸ் பென்னெட் 1890-ல் கம்பெனித் தலைவராகி நெடுங்காலம் அதை நடத்தினார். 1873 மாடல் துப்பாக்கியை மேற்கை வென்ற துப்பாக்கி என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த மேற்கில் வாழ்ந்த பழங்குடிகளுக்கு அந்த வெற்றி என்னவாக இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆண்களை எந்த ஆவியும் துரத்தியதாக நான் கேள்விப்பட்டதேயில்லை. துப்பாக்கியை வடிவமைத்தவர், விற்றவர், லாபம் பார்த்தவர் எல்லோரும் தொழிலதிபர்களாக நிம்மதியாகச் செத்தார்கள். ஒரு கண்டத்தின் இரத்தப்பழி முழுவதையும் கொண்டுபோய், குழந்தையைப் பறிகொடுத்து, மூட்டுவலியோடு தனியாக இருந்த மருமகளின் தலையில் இறக்கிவைத்துவிட்டார்கள். அவர் பேசாமல் இருந்ததால் அது எளிதாகவும் இருந்தது. நாடு கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை, ஒரு விதவையின் மனநோயாக மாற்றி, டிக்கெட் போட்டுப் பார்க்கிறோம்.

சாரா 1922 செப்டம்பரில் இறந்தார். பூகம்பத்தில் சிதைந்து அரைகுறையாக நின்ற வீட்டுக்கு மதிப்பே இல்லை என்று மதிப்பீட்டாளர்கள் கைவிரித்தார்கள். ஜான் பிரவுன், மேமி பிரவுன் என்ற தம்பதி அதை வாடகைக்கு எடுத்து, 1923-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஜான் பிரவுன் கேளிக்கைப் பூங்காக்களுக்கு ரோலர் கோஸ்டர் செய்தவர். சாரா போய் ஒரு வருஷம் ஆகுமுன்பே, அவர் உயிரோடிருந்தபோது யாரையும் விடாத வாசல் வழியாகக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நுழைந்தார்கள்.

அதே நேரத்தில் நாட்டின் மறுகோடியில் சாராவின் பணம் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. கணவரைக் கொன்ற காசநோய்க்காக, கணவர் பெயரில், கனெக்டிகட்டில் ஒரு மருத்துவமனை கட்ட பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருந்தார். 1918-ல் அது வெஸ்ட் ஹேவனில் திறக்கப்பட்டது. நியூ ஹேவனில் நுரையீரல் நோய்களுக்கான வின்செஸ்டர் சிகிச்சை மையம் இன்றும் இயங்குகிறது. எத்தனை ஆயிரம் பேர் அந்தப் பணத்தில் மூச்சுவிட்டிருப்பார்கள். சாராவை நியூ ஹேவனுக்கே கொண்டுபோய், எவர்கிரீன் இடுகாட்டில் கணவருக்கும் ஆனிக்கும் பக்கத்தில் புதைத்தார்கள்.

எனக்கு அந்த வீட்டில் மறக்க முடியாதவை நடன அறையின் இரண்டு வண்ணக் கண்ணாடி சன்னல்கள். இரண்டிலும் ஷேக்ஸ்பியரின் வரிகள். ஒன்று தன் எண்ணங்களின் ஏடுகளை அகல விரித்துவைப்பவர்களைப் பற்றியது. நாடகத்தில் அதைச் சொல்பவன் அப்படி விரித்துவைப்பதைப் பழித்துத்தான் சொல்கிறான். மற்றொன்று, பட்டம் பறிபோய்ச் சிறையில் தனித்திருக்கும் இரண்டாம் ரிச்சர்ட் சொல்வது: இந்தச் சிற்றுலகில் என் எண்ணங்களே குடிமக்கள். ஏன் இந்த வரிகள் என்று ஆளாளுக்கு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்; மர்மக் குறிப்பு என்றுகூடச் சொல்கிறார்கள். எனக்கு அதில் மர்மம் எதுவும் தெரியவில்லை. கண்டவர் படிக்க என் மனதை விரித்துவைக்கமாட்டேன். தனியாக இருக்கிறேன், என் எண்ணங்கள் துணைக்கு இருக்கின்றன. பத்திரிகைக்காரர்களுக்கு எழுதாத பதிலைச் சாரா கண்ணாடியில் எழுதிவைத்திருக்கிறார் என்றே நான் படிக்கிறேன்.

அம்மா இந்த வருஷம் மறுபடி வருகிறார். எங்கள் வீட்டுப் பின்வாசலில் மூன்று படிகள், ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். போன முறை அந்த மூன்று படிக்குப் பயந்தே அவர் தோட்டத்துக்கு இறங்கவில்லை. போன மாதம் என் கணவரும் நானும் பலகை வாங்கி வந்து அதை மாற்றினோம். ஏழு அங்குலத்தை மூன்றாகப் பிரித்ததில் மூன்று படி ஒன்பதாயிற்று. ஒன்பது படியை நேராகப் போட்டால் தோட்டத்தில் பாதியைத் தின்றுவிடும். அதனால் நடுவில் ஒருமுறை திருப்ப வேண்டியிருந்தது. அளவெடுத்த பென்சிலோடு அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், அங்கே 44 படிகள் ஏன் ஏழு முறை திரும்புகின்றன என்பது எனக்குப் புரிந்தது. படி உயரம் குறையக் குறைய நீளம் கூடும். மடித்துப் போட்டால்தான் வீட்டுக்குள் அடங்கும்.

வேலை முடியும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். இதென்ன படி, இப்படி வளைந்து வளைந்து போகிறதே என்று கேட்டார்.

என் அம்மாவுக்கு முட்டி வலி என்று சொன்னேன்.